கவிழ்த்துப் பார்த்தல்

கோப்பையை முதலில் கவிழ்க்க வேண்டும்.
அழகு மேலே.
சாட்சி அடியில்.

ஸிட்டாவ் நகரில், நோட்டரி அலுவலகத்து நீள மேசையில்,
ஹார்ட்மூட் கொண்டுவந்த ஆறு கோப்பைகள்,
ஃபோல்கர் கொண்டுவந்த ஆறு சிறுதட்டுகள்.
தாயார் எல்ஃப்ரீடே இறந்த வாரமே பிரித்துக்கொண்டார்களாம்.
பதினோரு வருடம்.
கோப்பை இருந்த வீட்டில் தட்டில்லை,
தட்டு இருந்த வீட்டில் கோப்பையில்லை,
இரண்டு வீட்டிலும் காபி
பெட்ரோல் பங்கில் இலவசமாய்க் கொடுத்த குவளையில்.

இப்போது விற்றுப் பாதி பாதி என்று முடிவு.
பேச்செல்லாம் நோட்டரி வழியாக.
"என் தம்பியிடம் சொல்லுங்கள்,
ஜன்னலைச் சாத்தட்டும்."

விளக்கைக் கிட்டே இழுத்தேன்.

வெள்ளையில் நீலப் பூவேலை.
வெங்காயக் கோலம் என்று பேர், அதில் வெங்காயமே கிடையாது.
சீனத்து மாதுளையை முன்பின் பார்த்திராத யாரோ
தெரிந்த காயின் பெயரை வைத்துவிட்டார் என்பார்கள்.
சிரிக்க எனக்கு உரிமையில்லை.
இருபத்திரண்டு வயதில், ட்ரெஸ்டன் ஆற்றங்கரைச் சந்தையில்,
குறுக்கே போட்ட வைக்கோல் வாரிகளை வாள் என்று நம்பி
ஒரு மாதச் சம்பளம் கொடுத்தவள் நான்.
அந்தச் சர்க்கரைக் கிண்ணம் இன்னும் என்னிடம்தான்.
ஊசி நூல் போட்டு வைத்திருக்கிறேன்.

முதல் கோப்பை.
மெருகுக்கு அடியில் நீல வாள் இரண்டு,
பிடி நுனியில் சின்னக் குமிழ்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு முன்னேபின்னே.
மைஸன்தான், சந்தேகமில்லை.
ஆனால் வாளின் மேலே, சக்கரத்தில் கீறிய இரண்டு கோடுகள்:
சூளையில் ஏதோ கோணிற்று,
தொழிற்சாலை தன் கையெழுத்தைத் தானே அடித்துவிட்டு
மலிவாய்த் தள்ளிவிட்ட சரக்கு.
ஆறிலும் அதே.
ஹார்ட்மூட்டின் காது சிவந்தது.
ஃபோல்கர் அன்றைக்கு முதன்முறையாக
நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

தட்டுகள்.
விளிம்பைச் சுண்டினேன், ஆளுக்கொரு சுருதி.
மெருகேறாத அடிவளையத்தை விரலால் தடவினேன்.
ஒன்று உப்புத்தாள், ஒன்று வெண்ணெய்.
மூங்கில் தண்டின் காலடியில் ஒளிந்திருக்க வேண்டிய குட்டி வாள்
ஒன்றில் மட்டும்.
ஒன்று காலா, எழுபதுகளின் முத்திரை.
ஒன்று ஹூட்ஷென்ராய்டர்.
இரண்டு, எல்லைக்கு அந்தப் பக்கம், டூபியிலிருந்து.
கடைசித் தட்டில் முத்திரையே இல்லை,
சுரண்டி எடுத்திருந்தது.

ஃபோல்கர் நிமிர்ந்தார். "ஏமாற்றிவிட்டார்கள்."
"யார்?" என்றார் நோட்டரி, பேனாவைத் திறந்துகொண்டு.

லென்ஸை வைத்துப் பார்த்தேன்.
வியாபாரி என்றால் சாணை போட்டிருப்பான்,
தடம் வழுவழுவென்றிருக்கும்.
இது சமையலறைக் கத்தி.
பல நாள், பல சாயங்காலம்,
பிள்ளைகள் தூங்கின பிறகு.
"வாங்கியவரே சுரண்டியிருக்கிறார்," என்றேன்.
"உடைந்த தட்டுக்கு மாற்றுத் தட்டு தேடியிருக்கிறார்,
ஒவ்வொன்றாக.
வித்தியாசம் வீட்டில் தெரிய வேண்டாமென்று."

வெளியே ட்ராக்டர் ஒன்று போயிற்று.
நோட்டரி பேனாவை மூடினார்.

ஹார்ட்மூட் காலாத் தட்டைக் கையில் எடுத்தார்.
திருப்பினார். மறுபடி திருப்பினார்.
"எழுபத்து மூன்று," என்றார்.
"தோல் பந்து வாங்கித் தந்த வருடம்."
நோட்டரியைப் பார்க்கவில்லை.
மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.
"உதைத்தது நீ."

"கோல்கீப்பர் யார்?" என்றார் ஃபோல்கர்.
"அலமாரிக் கதவைத் திறந்து போட்டது யார்?"

"நான் பிடித்திருப்பேன், நீ இடது காலால்..."

அறிக்கை எழுதத் தொடங்கினேன்.
கோப்பை ஆறு, இரண்டாம் தரம்.
தட்டு ஆறு, ஐந்துக்கு ஊர் வேறு.
எந்தக் காலத்திலும் முழு ஜோடியாய் இருந்ததற்கு
ஆதாரமில்லை, என்று எழுதி,
அந்த வரியை அடித்தேன், குறுக்கே இரண்டு கோடு.

விலை: நூற்றெண்பது யூரோ.
யாரும் எட்டிப் பார்க்கவில்லை.
என் கட்டணம் அதைவிட இருபது அதிகம்.
அவர்கள் இன்னும் ஐம்பது வருடத்துக்கு முந்தைய
அந்தக் கோலில்தான் நின்றார்கள்,
கத்திக்கொண்டு,
மேசை அதிர, தட்டுகள் கிணுகிணுக்க,
ஆளுக்கொரு சுருதியில்.